நாதிர்ஷா தோன்றாதிருந்தால்...

உர்து மொழியில் ‘நாதிர்ஷாஹி’ என்றொரு சொல் வழங்குகிறது. கேள்வி முறையற்ற கொடுங்கோன்மைக்கு அது பெயர். ஒரு மனிதரின் பெயர் இவ்வாறு ஒரு கொடுமையின் பெயராகவே மாறி, இரண்டரை நூற்றாண்டுகளுக்குப் பின்னும் மக்கள் நாவில் நிலைத்திருப்பது அரிது. அதே மனிதருக்கு ஈரானின் மஷ்ஹது நகரிலே 1963-ஆம் ஆண்டு பெரியதோர் அடக்கத்தலம் எழுப்பப்பட்டது. குதிரையின் மீது அமர்ந்து, படையினர் பின்தொடர, அவர் முன்னேறிச் செல்வது போன்ற சிலையும் அங்கே நிற்கின்றது. டில்லிக்கு அவர் கொள்ளைக்காரர். மஷ்ஹதுக்கு அவர் நாடு காத்த வீரர். இரண்டும் உண்மை என்பதுதான் இவ்வரலாற்றின் சிக்கல்.

அந்த நாதிர்ஷா தோன்றாமலே போயிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? நடந்த வரலாற்றையே சரியாகப் படிக்காத நாம் நடவாத வரலாற்றை ஏன் ஆராய வேண்டும் என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. நம் வீட்டுத் திண்ணைகளிலே பெரியவர்கள் பேசிக்கொள்ளும் பேச்சொன்று உண்டு: நாதிர் வராதிருந்தால் டில்லி சாய்ந்திராது, டில்லி சாயாதிருந்தால் வெள்ளையன் காலூன்றியிரான் என்பார்கள். பள்ளிப் பாடங்களும் ஏறக்குறைய இதையே வேறு சொற்களில் சொல்லிக் கொடுக்கின்றன. இப்பேச்சு மெய்யானால், ஒரு பேரரசின் அழிவுக்குப் பொறுப்பாளி வெளியிலிருந்து வந்த ஒரே ஒருவர். மெய்யன்று எனில், அந்தப் பழியை யார் தலையில் ஏற்றுவது? இதனை ஆய்ந்து பார்ப்பது வீண்வேலையன்று என்றே நாம் கருதுகிறோம்.

நாதிர் அரசகுலத்தில் பிறந்தவரல்லர். குராசானின் வடபகுதியிலே, அஃப்ஷார் என்னும் துருக்மானியக் குலத்தில், எளிய குடும்பமொன்றில் பிறந்தவர். அவர் இளைஞராயிருந்த காலத்தில் பாரசீகத்தை ஆண்டுவந்த ஸபவிகளின் அரசு உளுத்துப் போயிருந்தது. கந்தஹாரிலிருந்து புறப்பட்ட கில்ஜி ஆப்கானியர், மஹ்மூது என்பவரின் தலைமையில், 1722-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் குல்னாபாது என்னுமிடத்தில் ஸபவிப் படையை முறியடித்தனர். பின்னர் இஸ்ஃபஹான் நகரை முற்றுகையிட்டு மாதக்கணக்கில் பட்டினி போட்டனர். ‘உலகில் பாதி’ என்று புகழப்பட்ட அந்நகரம் அக்டோபரில் பணிந்தது. ஷா சுல்தான் ஹுஸைன் தம் கையாலேயே மஹ்மூதுக்கு முடி சூட்டினார். பிணத்தைக் கண்ட கழுகுகள் போல் அயலார் சூழ்ந்தனர். ருஷியச் சக்கரவர்த்தி பீட்டர் 1722-இல் தர்பந்தையும், அடுத்த ஆண்டு பாக்குவையும் பற்றினார். உதுமானியத் துருக்கியர் மேற்கு மாகாணங்களுள் புகுந்தனர். 1724-இல் இவ்விரு பேரரசுகளும் பாரசீகத்தைப் பங்கு போட்டுக்கொள்ள உடன்படிக்கையே எழுதிக் கொண்டன.

பட்டத்துக்குரிய இளவரசர் தஹ்மாஸ்ப் நாடோடியாக வடக்கே அலைந்து கொண்டிருந்தார். அவருடைய பாசறையிலே 1726-ஆம் ஆண்டு இரண்டு தளபதிகள் எதிரெதிராக நின்றனர். ஒருவர் காஜார் குலத்தலைவர் பத்ஹ் அலீ கான். மற்றவர், தம் வீரரோடு புதிதாக வந்து சேர்ந்த நாதிர். ஒரே உறையில் இரண்டு வாள்கள் இருக்க இயலவில்லை. மஷ்ஹதின் அருகே காஜார் தலைவரின் தலை உருண்டது. (அவருடைய பேரர்தான் 1796-இல் முடிசூடிக் காஜார் அரசமரபை நிறுவிய ஆகா முஹம்மது கான். எழுபது ஆண்டு தாமதித்து வந்தது அந்தக் குலத்தின் முறை!) அன்று உருண்ட தலை நாதிருடையதாக இருந்திருந்தால்? நாம் எழுப்பிய கேள்விக்கு வரலாற்றில் வாயில் திறக்கும் இடம் இதுதான். நாதிர் இல்லாத உலகைக் கற்பனை செய்யப் பிறப்பையே இல்லாததாக்க வேண்டியதில்லை. ஒரு பாசறையின் ஓரிரவுச் சதி திசைமாறினாலே போதும்.

திசை மாறியிருந்தால் முதலில் துன்புற்றிருப்பது ஈரானேயாகும். 1729-இல் தாம்கானுக்கு அருகிலும், முர்ச்சஹ்கோர்த்திலும் ஆப்கானியரை முறியடித்து இஸ்ஃபஹானை மீட்டவர் நாதிர். ருஷியருடன் 1732-இல் ரஷ்திலும் 1735-இல் கன்ஜாவிலும் உடன்படிக்கை செய்து காஸ்பியன் கரை மாகாணங்களைத் திரும்பப் பெற்றவரும் அவரே. ருஷியர் எப்படியும் போயிருக்கக் கூடும். பீட்டர் 1725-இல் இறந்த பின் அவர்களுக்கு அந்நாட்டின் மீது பழைய ஆசை இல்லை. கீலானின் நச்சுக் காய்ச்சல் அவர்களுடைய படையைத் தின்று கொண்டிருந்தது. ஆனால் துருக்கியர் போயிருக்க மாட்டார்கள். தப்ரீஸும் ஹமதானும் கிர்மான்ஷாவும் உதுமானிய மாகாணங்களாகவே நிலைத்திருக்கும். கிழக்கே ஹிராத்தில் அப்தாலிகளும், கந்தஹாரில் கில்ஜிகளும், நடுவிலே கில்ஜிகளின் பிடியில் நலிந்த இஸ்ஃபஹானுமாக ஈரான் என்னும் பெயரே நிலநூலில் ஒரு பழஞ்சொல்லாகி இருந்தாலும் வியப்பதற்கில்லை. மஷ்ஹதிலே சிலை எழுப்பியவர்களின் நன்றியை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இஸ்தான்பூலிலும் வேறு காற்று வீசியிருக்கும். 1730-இல் நாதிர் மேற்கு மாகாணங்களை மீட்ட செய்தி எட்டியதும்தான் அந்நகரத்துக் கடைவீதியில் பத்ரோனா கலீல் என்பவனின் கிளர்ச்சி மூண்டது. சுல்தான் மூன்றாம் அஹ்மது அரியணை இழந்தார். முதலமைச்சர் இப்ராஹீம் பாஷா கொலையுண்டார். துருக்கி மொழியில் முதன் முதலாக அச்சகம் நிறுவ ஆதரவு தந்த அமைச்சர் அவர். குராசான் வீரரொருவரின் வெற்றி, பாஸ்பரஸ் கரையிலே ஓர் அறிவு ஆர்வலரின் உயிரைக் குடித்தது.

இன்னொன்றும் நிகழாமல் போயிருக்கும். நம் வாசகர்களுக்கு அது முக்கியமானது. 1736-ஆம் ஆண்டு மூகான் சமவெளியிலே தம்மைத் தேர்ந்தெடுக்கக் கூடிய தலைவர்களிடம் நாதிர் ஒரு நிபந்தனை விதித்தார். ஸஹாபாக்களை இகழும் ஸபவிக்கால வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். ஷீஆக்கள் இமாம் ஜஅஃபர் ஸாதிக் அவர்களின் பெயரால் ஐந்தாவது மத்ஹபாக அமைய வேண்டும் என்பதே அது. கஅபாவைச் சூழ அந்நாளில் நான்கு மத்ஹபினருக்கும் தொழுகைத் தலங்கள் இருந்தது போல் தம் மக்களுக்கும் ஓரிடம் தரவேண்டுமென்று துருக்கி சுல்தானைக் கேட்டார். 1743-ஆம் ஆண்டு நஜஃபிலே இருதரப்பு ஆலிம்களையும் கூட்டினார். பக்தாதிலிருந்து சென்ற அப்துல்லாஹ் ஸுவைதீ அவர்கள் அக்கூட்டத்தின் வரலாற்றை எழுதி வைத்திருக்கிறார்கள். நாதிரின் நோக்கம் மார்க்கமா, அரசியலா? பெரும்பாலும் அரசியலே என்பது நம் கருத்து; இரு சாராரும் கலந்த ஒரு படைக்குத் தலைவராயிருந்தவர் அவர். சுல்தான் இணங்கவில்லை. 1746-இல் செய்துகொண்ட சமாதானத்தில் அக்கோரிக்கை கைவிடப்பட்டது. வாளேந்திய ஒருவரின் வாயிலிருந்து வந்தபடியால் அந்த யோசனைக்கும் மதிப்பில்லாமல் போயிற்று.

இனி டில்லிக்கு வருவோம்.

அவுரங்கஜேப் ஆலம்கீர் 1707-இல் அஹ்மத் நகரில் காலமானார். அதற்கும் நாதிர் வருகைக்கும் இடையே முப்பத்திரண்டு ஆண்டுகள். அந்த முப்பத்திரண்டு ஆண்டுகளில் நாதிரின் நிழல் கூட இந்திய மண்ணில் விழவில்லை. ஆனால் என்னென்ன நடந்தன? 1719-ஆம் ஆண்டில் மட்டும் டில்லி அரியணையில் நான்கு பேர் மாறி மாறி அமர்ந்தனர். ஃபர்ருக் ஸியரைக் குருடாக்கிக் கொன்றவர்கள் அவரை அரியணை ஏற்றிய ஸையித் சகோதரர்களே. அவருடைய கையெழுத்தைப் பெற்று 1717-இல் ஆங்கிலக் கம்பெனி வங்காளத்தில் சுங்கமில்லா வாணிகம் நடத்தத் தொடங்கியிருந்தது. முர்ஷித் குலீ கான் வங்காளத்தையும், 1722 முதல் ஸஆதத் கான் அவதையும், 1724-இல் ஷகர்கேடாப் போருக்குப் பின் நிஜாமுல் முல்க் தக்காணத்தையும் ஏறக்குறையத் தம் சொந்த அரசுகளாக்கிக் கொண்டனர். பெயரளவில் பாதுஷாவுக்குப் பணிந்தனர். நாணயத்திலும் குத்பாவிலும் அவர் பெயர் இருந்தது. வரிப்பணம் எங்கே போயிற்று என்பது வேறு கதை. 1737-இல் பேஷ்வா பாஜிராவ் டில்லியின் புறநகர் வரை குதிரையில் வந்து, தடுப்பாரின்றித் திரும்பிப் போனார். அவரை மடக்கத் தெற்கேயிருந்து அழைக்கப்பட்ட நிஜாமோ போபாலில் முற்றுகைக்குள் சிக்கி, 1738 ஜனவரியில் மாளவத்தை விட்டுத்தர எழுதிக்கொடுத்துத் தப்பினார். இவையனைத்தும் நாதிர் கைபர் கணவாயைக் கடப்பதற்கு முன் நடந்தவை.

முஹம்மது ஷா பாதுஷா கொடியவரல்லர். ‘ரங்கீலா’ என்று மக்கள் அவரை அழைத்தது ஓரளவு அன்பினாலும்தான். இன்று இந்துஸ்தானி இசையில் தலையாயதாக விளங்கும் கயால் பாணி, ஸதாரங் என்னும் பெயரால் பாடிய நிஅமத் கானின் குரலில் அவருடைய அவையிலேதான் வளர்ந்தது. கலைக்கு அவர் நல்ல புரவலர். ஆனால் காபூல் கோட்டையிலே காவல் நின்ற வீரனுக்குச் சம்பளம் அனுப்புவதற்குக் கலையுள்ளம் மட்டும் போதாது. அங்கே சுபேதாராயிருந்த நாஸிர் கான் பணம் வேண்டி எழுதிக் கொண்டேயிருந்தார். ஐந்தாண்டுச் சம்பளம் நிலுவையில் இருந்தது என்று எழுதுவர். ஆலம்கீர் காலம் வரை டில்லியின் கதவு காபூல்தான். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட ஆளில்லை. அதே வேளையில் செங்கோட்டையின் நிலவறைகளில் பாபர் காலத்திலிருந்து சேர்ந்த பொன்னும் மணியும் பூட்டிய பூட்டுத் திறக்கப்படாமல் கிடந்தன. இதனை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதற்குத் திரும்பி வருவோம்.

கந்தஹாரிலிருந்து தப்பியோடும் ஆப்கானியருக்கு எல்லையைத் திறந்துவிடாதீர் என்று நாதிர் டில்லிக்கு ஒன்றன்பின் ஒன்றாகத் தூதர்களை அனுப்பினார். விடை வரவில்லை. கடைசித் தூதர் ஓராண்டு அளவும் டில்லியிலேயே நிறுத்தி வைக்கப்பட்டார். ஆட்டுமந்தைக்காரர் மகனாக இருந்து அரசரானவரை எந்தப் பட்டத்தால் விளித்து எழுதுவது என்று அவையினர் ஆலோசித்துக் கொண்டிருந்தார்கள் என்பர்! 1738-இல் கந்தஹார் விழுந்தது. அவ்வாண்டிலேயே காபூலும் விழுந்தது. லாகூர் சுபேதார் ஸக்கரிய்யா கான் 1739 ஜனவரியில் பணிந்தார். 1739 பிப்ரவரி 24-ஆம் நாள் கர்னாலில் போர். ஒட்டகங்களின் முதுகில் பூட்டிய சுழல் துப்பாக்கிகளின் முன் டில்லியின் யானைகள் நிற்கவில்லை. சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. மீர் பக்ஷியாயிருந்த கான் தௌரான் (ஸம்ஸாமுத் தௌலா என்பது அவருடைய பட்டம்) படுகாயமுற்று மாண்டார். அவதின் ஸஆதத் கான் சிறைப்பட்டார். அருகிலே படையோடு நின்ற நிஜாமுல் முல்க் களத்தில் இறங்கவேயில்லை.

இதற்குப் பின் நடந்ததுதான் நம் நெஞ்சை மிகவும் வருத்துவது. நாதிர் டில்லிக்குள் நுழைந்தே தீருவேன் என்று வந்தவரல்லர். நிஜாம் தூது சென்று பேசினார். ஐம்பது இலட்சம் ரூபாய் பெற்றுக்கொண்டு கர்னாலிலிருந்தே திரும்பிவிட நாதிர் இசைந்தார். பாதுஷா மகிழ்ந்தார். இறந்த கான் தௌரானின் மீர் பக்ஷி பதவி நிஜாமின் வீட்டுக்குச் சென்றது. அப்பதவியின் மீது கண் வைத்திருந்தவர் சிறையிலிருந்த ஸஆதத் கான். பொறாமைத் தீ மூண்டது. ‘ஐம்பது இலட்சம் ஒரு தொகையா? டில்லிக்குப் போனால் இருபது கோடி கிடைக்குமே’ என்ற பொருளில் அவர் நாதிரிடம் சொன்னதாகவே வரலாறு கூறுகிறது. நாதிர் கணக்கறிந்தவர். பேச்சு முறிந்தது. டில்லியின் வாயில் திறந்தது. ஸஆதத் கானும் அவ்வெற்றியைக் காண நெடுநாள் இருக்கவில்லை. நாதிர் நகருள் நுழைந்த அதே நாட்களில் மாண்டு போனார். நஞ்சுண்டார் என்பாரும், நோயால் மாண்டார் என்பாரும் உளர்.

ஆகவே ‘நாதிர் தோன்றாதிருந்தால்’ என்னும் கேள்விக்குள்ளே அதனினும் சிறிய கேள்வியொன்று ஒளிந்திருக்கிறது: இரண்டு அமீர்களுக்கிடையே ஒரு பதவிப் பொறாமை தோன்றாதிருந்தால்? குராசானில் ஒரு குழந்தை பிறக்காமல் இருக்க வேண்டியதில்லை. மஷ்ஹதருகே ஒரு தலை உருளாமல் இருக்கவும் வேண்டியதில்லை. கர்னால் பாசறையில் ஒருவர் வாய்மூடி இருந்திருந்தால் டில்லி பிழைத்திருக்கும். முதற்கேள்வியை எழுப்புவோர் இந்த இரண்டாவது கேள்வியை ஏனோ எழுப்புவதில்லை.

1739 மார்ச்சு 20-ஆம் நாள், ஹிஜ்ரி 1151 துல்ஹஜ்ஜில், நாதிர் டில்லிக்குள் வந்தார். ஹஜ்ஜுப் பெருநாள் குத்பா அவர் பெயரால் ஓதப்பட்டது. பெருநாளன்று தானிய விலை பற்றி எழுந்த சச்சரவும், நாதிர் கொல்லப்பட்டார் என்ற வதந்தியும் கூடி, நகரத்து மக்கள் சிலர் இரவோடிரவாகப் பாரசீகச் சிப்பாய்களைத் தாக்கிக் கொன்றனர். மார்ச்சு 22-ஆம் நாள் காலை நாதிர் சாந்தினி சவுக்கிலுள்ள ரௌஷனுத் தௌலாவின் பொன்மசூதிக்குச் சென்று அமர்ந்து, வாளை உருவினார். அதுவே கட்டளை. காலையில் தொடங்கிய கொலை பிற்பகல் வரை நடந்தது. இருபதாயிரம் முதல் முப்பதாயிரம் பேர் மாண்டனர் என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு. குர்பானி கொடுக்கும் நாட்களில், பள்ளிவாசலில் அமர்ந்து, கலிமாச் சொன்னவன் கலிமாச் சொன்னவர்களைக் கொல்லச் செய்தான். அவர்களோடு அவர்களுடைய இந்து அண்டை வீட்டாரும் மாண்டனர். நாதிரின் படையெடுப்பை மார்க்கத்தின் கணக்கில் எழுதுவோருக்கு, அவர்கள் எந்தத் தரப்பினராயினும், அந்நாளின் டில்லித் தெருக்கள் விடை சொல்லும். அந்நாட்களை நேரில் கண்டு பாரசீக மொழியில் எழுதி வைத்தவர்களுள் சிறந்தவர் ஆனந்தராம் முக்லிஸ் என்ற இந்து எழுத்தாளர். வஜீரின் வக்கீலாக இருந்தவர். மடிந்த நகரத்துக்காக அவர் சிந்திய கண்ணீரில் சாதி பிரித்துப் பார்க்க இயலாது.

ஐம்பத்தேழு நாட்கள் தங்கிவிட்டு மே மாதத்தில் நாதிர் திரும்பினார். மயிலாசனமும், கோஹினூரும், தர்யாயே நூரும் அவருடன் சென்றன. மொத்தம் எழுபது கோடி ரூபாய் பெறும் என்பர். கூட்டியும் குறைத்தும் சொல்வாரும் உண்டு. சிந்துவின் மேற்கேயுள்ள மாகாணங்கள் எழுதி வாங்கப்பட்டன. ஈரானிலே மூன்றாண்டு வரி தள்ளுபடி செய்யப்பட்டது. பாதுஷாவின் அரண்மனை மருத்துவர் அலவீ கானையும் அவர் அழைத்துச் சென்றார். நாதிரின் உடல்நோயை மட்டுமன்றி அவருடைய சினத்தையும் ஓரளவு தணித்து வந்தவர் அந்த ஹகீம். ஹஜ்ஜுக்குச் செல்ல அனுமதி பெற்று அவர் 1741-இல் பிரிந்த பின், 1742-இல் நாதிர் தம் சொந்த மகனின் கண்களையே பறித்தார். 1747-இல் தம் படைத்தலைவர்களாலேயே வெட்டுண்டார்.

இப்பொழுது நிலவறைப் பொன்னுக்கு வருவோம். நாதிர் தோன்றாதிருந்தால் அந்த எழுபது கோடி டில்லியிலேயே இருந்திருக்கும் என்பது உண்மை. இருந்து என்ன செய்திருக்கும்? அது காபூல் வீரனின் சம்பளமாகியிருக்குமா? பீரங்கி வார்க்கும் பட்டறையாகியிருக்குமா? அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் முஹம்மது ஷாவின் அவை அப்படி எதுவும் செய்ததில்லை. நாதிர் கொண்டு சென்றது புழங்கிய பணமன்று, பூட்டிய பணம். பூட்டை உடைக்க அவர் வந்திராவிடில் வேறொருவர் வந்திருப்பார். 1753-இல் ஜாட் தலைவர் சூரஜ்மல்லின் படை பழைய டில்லியைச் சூறையாடிற்று. 1788-இல் ரோஹில்லா குலாம் காதிர் அரண்மனைத் தரையையே தோண்டிப் பார்த்தான். எதிர்பார்த்தது கிடைக்காத ஆத்திரத்தில் ஷா ஆலம் பாதுஷாவின் கண்களைப் பிடுங்கினான். மயிலாசனம் அங்கே இருந்திருந்தால் பாதுஷாவின் கண்கள் ஒருவேளை தப்பியிருக்கலாம், ஆசனம் தப்பியிராது.

இத்தனையும் சொன்ன பின், திண்ணைப் பெரியவர்களின் பக்கமுள்ள நியாயத்தையும் சொல்ல வேண்டும். அது நாதிரிடம் இல்லை. நாதிர் விட்டுச் சென்ற ஒருவரிடம் இருக்கிறது. கந்தஹார் சிறையிலே கில்ஜிகள் அடைத்து வைத்திருந்த ஓர் அப்தாலி இளைஞரை 1738-இல் நாதிர் விடுவித்துத் தம் படையில் சேர்த்தார். அவர்தான் அஹ்மத் ஷா. 1747-இல் நாதிர் கொலையுண்ட இரவுக்குப் பின் ஆப்கானிய வீரரைத் திரட்டிக்கொண்டு கந்தஹார் சென்று அரசரானார்; கோஹினூரும் அவர் கைக்கு வந்தது. நாதிர் இல்லையேல் அந்த இளைஞர் சிறையிலேயே நரைத்திருப்பார். ஆப்கானிஸ்தான் என்ற தனி அரசு அவ்வடிவில் எழுந்திராது. அவர் மீண்டும் மீண்டும் பஞ்சாபின் மீது பாய்ந்திரார். 1761 ஜனவரி 14-ஆம் நாள் பானிப்பத்தில் மராட்டியரும் ஆப்கானியரும் ஒருவரையொருவர் அழித்துக்கொண்டு, வடநாட்டை ஆளும் வலிமை இருவருக்குமின்றிப் போயிருக்காது.

வங்காளத்திலும் அவருடைய நிழல் விழுந்தது. 1757-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அப்தாலி டில்லியைச் சூறையாடிக் கொண்டிருந்தார். அடுத்து அவர் கிழக்கே பாட்னாவுக்கு வருவார் என்று நவாப் ஸிராஜுத் தௌலா அஞ்சினார். அந்த அச்சமும் ஒரு காரணமாகவே பிப்ரவரி 9-இல் கிளைவுடன் அவசரச் சமாதானம் செய்தார். படையில் ஒரு பகுதியைப் பீகார் எல்லைக்கு அனுப்பினார். சந்திரநகரிலே பிரெஞ்சுக்காரரை ஆங்கிலேயர் நசுக்கியபோது தயங்கி நின்றார். ஜூன் 23-இல் பிளாசி. அப்தாலி பாட்னாவுக்கு வரவேயில்லை. வராத ஒருவருக்கு அஞ்சியவர், வாயிலில் நின்றவரிடம் நாட்டை இழந்தார். நாதிர்–அப்தாலி–ஸிராஜ் என்னும் இச்சங்கிலி மெய்யானது, அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் சங்கிலியின் கடைசிக் கண்ணி மீர் ஜஅஃபர். அவரை நாதிர் செய்யவில்லை.

ஆங்கிலேயர் காலூன்றிய இடமோ முதலில் வங்காளமன்று. நம் சோழமண்டலக் கரைதான். இங்கே நாதிரின் கை எவ்வளவு? பாஜிராவைத் தடுக்க 1737-இலேயே வடக்கே அழைக்கப்பட்ட நிஜாமை, நாதிரின் படையெடுப்பு டில்லியிலேயே கட்டிப் போட்டது. அவர் தெற்கில் இல்லாத காலத்தில், 1740 மே மாதம், மராட்டியர் தாமல்செருவுக் கணவாயில் ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலீ கானைக் கொன்றனர். 1741-இல் திருச்சிராப்பள்ளியைப் பிடித்துச் சந்தா ஸாஹிபைச் சிறை கொண்டு போயினர். 1743-இல்தான் நிஜாம் பெரும்படையுடன் வந்து திருச்சியை மீட்டார். அதன்பின் அன்வருத்தீன் கானை ஆர்க்காட்டில் அமர்த்தினார். வாலாஜா குடும்பத்தின் கதை அங்கே தொடங்குகிறது. நாதிர் இல்லையேல் நிஜாம் முன்னதாகத் திரும்பியிருக்கலாம்; நவாயத்துக் குடும்பமே ஆர்க்காட்டில் நீடித்திருக்கலாம்; திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசலைக் கட்டியோர் வேறு பெயரினராக இருந்திருக்கலாம்.

ஆனால் 1746-ஆம் ஆண்டு அடையாற்றங்கரையில் நடந்தது எப்படியும் நடந்திருக்கும். ஐரோப்பாவில் ஆஸ்திரிய அரியணைக்காக மூண்ட போர் இங்கே சென்னைக்காக மூண்டது. அன்வருத்தீனின் மகன் மஹ்பூஸ் கான் சுமார் பத்தாயிரம் பேருடன் நின்றார். எதிரே சில நூறு பிரெஞ்சு வீரரும் அவர்களிடம் பயிற்சி பெற்ற சிப்பாய்களுமே. வரிசையாக நின்று, ஒரே கட்டளைக்குச் சுட்டு, விரைவாக மீண்டும் மருந்திட்டுச் சுடும் அந்தச் சிறு கூட்டத்தின் முன் நவாபின் படை கலைந்தோடியது. அந்தப் பயிற்சியை நாதிர் கொண்டு வரவுமில்லை, கொண்டு போகவுமில்லை. இந்தியாவின் கதவு கைபரில் மட்டும் இல்லை என்பதை அன்று டில்லியில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

பெரிய கேள்விகளை விட்டுச் சிறியதொன்றுக்கு வருவோம். கர்னாலில் மாண்ட ஸம்ஸாமுத் தௌலா கான் தௌரான், ஆக்ராவிலிருந்த தந்தையற்ற ஒரு சிறுவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ரூபாய் உதவித்தொகை அளித்து வந்தார். 1739 பிப்ரவரியோடு அது நின்றது. பதினாறு வயதளவிலிருந்த அச்சிறுவன், கொள்ளையுண்ட டில்லிக்குப் பிழைப்புத் தேடி வந்து, மாற்றாந்தாயின் உடன்பிறந்தவரும் பேரறிஞருமான கானே ஆர்ஸூவின் வீட்டில் ஒதுங்கினான். அங்கும் மனக்கசப்பே கிடைத்தது. ஆனால் உர்துக் கவிதை அவனைப் பற்றிக்கொண்டது. அவர்தான் மீர் தகீ மீர். நாதிர் தோன்றாதிருந்தால் அந்த ஒரு ரூபாய் தொடர்ந்து வந்திருக்கும். ஆக்ராவிலே அவர் அமைதியாக வாழ்ந்திருக்கவும் கூடும். பின்னாளில் அப்தாலியின் படை டில்லியைச் சூறையாடியதையும் கண்ணால் கண்டு, தம் வரலாற்று நூலில் எழுதி வைத்துவிட்டு, 1782-இல் அவர் லக்னோவுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே அவருக்குச் சம்பளம் தந்தவர் நவாப் ஆஸஃபுத் தௌலா. கர்னாலில் பொறாமை கொண்ட அதே ஸஆதத் கானின் வழி வந்தவர்.